போலந்தின் துப்பறியும் நாவல்களுக்குள் நுழைவது எப்படி: விசாரிப்பவரின் கையைக் கவனித்து வாசிக்க ஒரு வழி

போலிஷ் மொழியில் துப்பறியும் நாவலுக்குக் 'கிரிமினாவ்' என்று பெயர். பேச்சுவழக்கில் அதே சொல் சிறைச்சாலையையும் குறிக்கும். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயல் என்றுதான் முதல் நான்கைந்து நாவல்களைப் படிக்கும் வரை நினைத்திருந்தேன். பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. யார் கொன்றார் என்ற கேள்வியோடு தொடங்கும் இந்த நாவல்கள், பாதி வழியில் வேறொரு கேள்விக்குத் திரும்பிவிடுகின்றன: பிடித்து அடைக்கும் அதிகாரம் உள்ளவர் தன் கையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்?

துப்பறியும் கதைகளில் பழக்கம் உள்ளவர்களுக்கும், போலந்தைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கும், ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கத் தயங்காதவர்களுக்கும் இந்த வழிகாட்டி. படிகளை வரிசையாக ஏறினால் நல்லது. எந்த நூலிலும் கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன்.

முதல் படி: பெயர்களை வாயில் பழக்குங்கள், வரைபடத்தை விரித்து வையுங்கள்

பலரும் இருபதாம் பக்கத்திலேயே கைவிடுவதற்குக் காரணம் பெயர்கள். சில விதிகள் போதும். 'எஸ்', 'இஸட்' இரண்டும் சேர்ந்து வந்தால் 'ஷ' ஒலி. 'சி', 'இஸட்' சேர்ந்தால் 'ச்ச'. தனியாக வரும் 'சி' பெரும்பாலும் 'ட்ஸ'. 'டபிள்யூ' என்பது 'வ'. குறுக்குக் கோடு போட்ட 'எல்', 'வாட்டர்' என்ற சொல்லின் முதல் ஒலி. இதை வைத்துக்கொண்டால் நாம் சந்திக்கப்போகும் நாயகர் ஷாட்ஸ்கி, அவரை எழுதியவர் மிவோஷெவ்ஸ்கி, நகரம் வ்ரோட்ஸ்வாஃப். 'லோட்ஸ்' என்று படிக்கத் தோன்றும் நகரத்தின் பெயர் வூச். சத்தமாக நான்கு முறை சொல்லிப் பாருங்கள். நாக்கு பழகியதும் கண்ணும் பழகிவிடும்.

வரைபடம் பெயர்களைவிட முக்கியம். 1945இல் போலந்து நாடே மேற்கு நோக்கி நகர்த்தப்பட்டது. பிரெஸ்லாவ் என்ற ஜெர்மானிய நகரம் வ்ரோட்ஸ்வாஃப் ஆனது. ஆலன்ஸ்டைன் ஓல்ஷ்டின் ஆனது. கிழக்கே இருந்த ல்வூஃப் நகரம் சோவியத் ஒன்றியத்துக்குப் போய், இன்று உக்ரைனின் லிவிவ் ஆக இருக்கிறது. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், கிழக்கிலிருந்து பெயர்க்கப்பட்ட போலந்து மக்கள் அவர்களுடைய வீடுகளில் குடியேறினார்கள். சூடு ஆறாத அடுப்பு இருக்கும் வீட்டுக்குள் வேறொரு குடும்பம் நுழைந்த நிலம் இது. இங்கே ஒரு நாவலாசிரியர் நிலவறையைத் தோண்டினால் வெளிப்படும் எலும்பு யாருடையது என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்காது.

இரண்டாம் படி: ஒரு நோட்டு, நடுவில் ஒரு கோடு

படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவில் கோடு இழுங்கள். இடப்பக்கம், குற்றவாளி செய்த வன்முறை. வலப்பக்கம், விசாரிப்பவர் செய்தது, பிறர் செய்ய விட்டது, கண்ணில் பட்டும் பாராமல் போனது. ஓர் அறை, ஒரு மிரட்டல், தேவையில்லாமல் ஓர் இரவு லாக்கப்பில் வைத்தது, புகார் கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பியது, எல்லாமே வலப்பக்கம் வர வேண்டும். பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்ல நாவலாக இருந்தால் இடப்பக்கம் முதல் ஐம்பது பக்கங்களில் நிரம்பி, பிறகு மெதுவாகிவிடும். வலப்பக்கம் மட்டும் கடைசி வரை நீண்டுகொண்டே போகும். அப்போது ஒரு கேள்வியைப் பக்கத்தில் எழுதிவைக்கலாம்: இவர் இதை யாருடைய பெயரால் செய்கிறார்? அரசரின் பெயராலா, கட்சியின் பெயராலா, குடியரசின் பெயராலா, தன் சொந்தக் கோபத்தின் பெயராலா? நூறு ஆண்டுகளுக்குள் இத்தனை ஆட்சிகள் மாறிய நாட்டில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம்.

மூன்றாம் படி: வார்சாவில் தொடங்குங்கள்

முதல் நூலாக ஸிக்முண்ட் மிவோஷெவ்ஸ்கி 2007இல் எழுதிய 'உவிக்வானியெ'யை எடுங்கள். ஆங்கிலத்தில் 'என்டேங்கில்மென்ட்' என்ற தலைப்பில் ஆன்டோனியா லாய்ட்-ஜோன்ஸ் மொழிபெயர்த்திருக்கிறார். சமகால நகரம், அலுவலகம், காபி, விரிசல் விழுந்த மணவாழ்க்கை என்று எல்லாமே பழகிய தரையாக இருப்பதால் புதியவர்கள் தடுக்கி விழமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நாயகர் தியோடோர் ஷாட்ஸ்கி போலீஸ்காரர் அல்ல, அரசு வழக்கறிஞர். நம் ஊரில் அரசு வழக்கறிஞர் என்றால் போலீஸ் தயாரித்துக் கொடுத்த வழக்கை நீதிமன்றத்தில் வாதாடுபவர். போலந்தில் கொலை வழக்கின் புலனாய்வையே அவர்தான் நடத்துகிறார். பிரேதத்தைப் பார்க்கப் போகிறார், சாட்சிகளை விசாரிக்கிறார், போலீஸுக்கு வேலை சொல்கிறார், குற்றப்பத்திரிகையும் அவரே எழுதுகிறார். எனவே இந்த நாவல்களில் துப்பறிபவரின் ஆயுதம் துப்பாக்கி அல்ல, கையெழுத்து. அவர் ஒரு தாளில் கையெழுத்திட்டால் ஒருவர் சிறைக்குப் போவார். கையெழுத்திடாவிட்டால் ஒருவர் வீட்டுக்குப் போவார். வலப்பக்கப் பத்தியில் நாம் எழுதப்போவதில் பெரும்பகுதி இந்தத் தாள்களைப் பற்றியதாகவே இருக்கும்.

ஷாட்ஸ்கிக்கு வயது நாற்பதைத் தொடவில்லை, தலை முழுக்க நரைத்துவிட்டது. கச்சிதமாக உடுத்துபவர். ஒரு மடாலயக் கட்டடத்தில் நடந்த குழு உளச்சிகிச்சை முகாமில் கலந்துகொண்ட ஒருவர், கண்ணில் இறைச்சி வாட்டும் கம்பி செருகப்பட்டு இறந்துகிடக்கிறார். இடப்பத்தியில் நாம் எழுதவேண்டியது இந்த ஒரு வரிதான். அந்தச் சாவின் வேரைத் தேடிக்கொண்டு போகும்போது, கம்யூனிஸ்ட் ஆட்சிக்கால ரகசியப் போலீஸின் ஆட்கள், அந்த ஆட்சி முடிந்த 1989க்குப் பிறகும் எங்கும் போய்விடவில்லை என்று தெரியவருகிறது. அங்கிருந்து ஷாட்ஸ்கி எவ்வளவு தூரம் போகத் துணிகிறார், எந்த இடத்தில் நிற்கிறார் என்று கவனியுங்கள். நின்ற இடத்தின் பக்க எண்ணைத் தவறாமல் குறியுங்கள்.

அத்தியாயத் தொடக்கங்களில் அந்தந்த நாளின் செய்திகள் சுருக்கமாக வரும். பலர் அதைத் தாவிவிடுகிறார்கள். தாவாதீர்கள். நாடு அன்றைக்கு எதைப் பேசிக்கொண்டிருந்தது என்று காட்டிவிட்டு, யாருமே பேசாத ஒரு சாவுக்கு நம்மை அழைத்துப்போகிறார் ஆசிரியர்.

நான்காம் படி: ஒரு படி பின்னால் இறங்கி, மிலித்ஸ்யாவைப் பாருங்கள்

'உவிக்வானியெ' முடிந்ததும் அடுத்த நாவலுக்குப் போகாதீர்கள். ரகசியப் போலீஸின் நிழல் ஏன் இவ்வளவு கறுப்பாக விழுகிறது என்று தெரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய காலத்தின் துப்பறியும் நாவல் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். இந்தப் படியில் நான் சற்று அதிக நேரம் நிற்கப்போகிறேன். போலந்தின் இன்றைய குற்றப்புனைவு முழுவதுமே இங்கே சொல்லாமல் விடப்பட்டதற்கு எழுதிய பதில் என்று நான் நம்புகிறேன்.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் போலீஸ் என்ற சொல்லே இல்லை. 1944 முதல் 1990 வரை அந்த வேலையைச் செய்தது 'மிலித்ஸ்யா', அதாவது குடிமக்கள் படை. அதன் அதிகாரிகளை நாயகர்களாக வைத்து எழுதப்பட்டவை மிலித்ஸ்யா நாவல்கள். இவற்றில் துப்பறிபவர் தனித்த மேதை அல்லர். மேஜரோ கேப்டனோ லெப்டினன்டோ, சகாக்களோடு சேர்ந்து, சோதனைக்கூடத்தின் உதவியோடு, பொறுமையாக வேலை பார்ப்பவர். நிறைய தேநீர், கொஞ்சம் தூக்கம். குற்றவாளிகள் பெரும்பாலும் அரசுச் சொத்தைச் சுருட்டுபவர்கள், வெளிநாட்டுப் பணம் கைமாற்றுபவர்கள், பழைய ஆட்சியின் மிச்சங்கள், உளவாளிகள். ஸிக்முண்ட் ஸெய்ட்லெர்-ஸ்போரோவ்ஸ்கி உருவாக்கிய மேஜர் டோவ்நார் இந்த வகையின் புகழ்பெற்ற முகம். 1968 முதல் 'ஏவா 07ஐ அழைக்கிறாள்' என்ற மலிவு வரிசையில் சிறு நாவல்கள் வந்தன. 1967 முதல் 1982 வரை கேப்டன் ஷ்பிக் சித்திரக்கதைகள். 1976 முதல் 1987 வரை '07, பதில் கொடு' என்ற தொலைக்காட்சித் தொடரில் லெப்டினன்ட் போரெவிச். ப்ரோனிஸ்வாஃப் செஷ்லாக் நடித்த அந்தப் பாத்திரம் கொஞ்சம் துடுக்கு, கொஞ்சம் வசீகரம் என்று மக்களுக்கு உண்மையிலேயே பிடித்துப்போன ஒன்று.

இந்த நாவல்களை ஆங்கிலத்தில் தேடினால் அதிகம் அகப்படாது. போரெவிச் தொடரின் ஓர் அத்தியாயத்தையாவது பார்த்துவிடுங்கள், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. இடப்பக்கம் ஏதாவது சேரும். வலப்பக்கம் ஏறக்குறைய வெற்றாக இருக்கும். மிலித்ஸ்யாக்காரர் லாக்கப்பில் யாரையும் அடித்துக் கொல்வதில்லை, பொய் வாக்குமூலம் வாங்குவதில்லை. அப்படி எழுதினால் அச்சாகியிருக்காது.

அந்த வெற்றுப் பத்திக்கு எதிரே வரலாற்றை வையுங்கள். 1981 டிசம்பர் 16 அன்று, இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள், வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை மிலித்ஸ்யாவின் கலகத் தடுப்புப் படை சுட்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். 1983 மே மாதம் வார்சாவில், பள்ளி இறுதித் தேர்வு எழுதிய மகிழ்ச்சியில் நண்பர்களோடு வெளியே வந்த க்ஷெகோஷ் ப்ஷெமிக் என்ற மாணவரை மிலித்ஸ்யா பிடித்துப்போய் நிலையத்தில் அடித்தது. இரண்டு நாளில் அவர் இறந்தார். பத்தொன்பது வயது நிறையச் சில நாள்களே இருந்தன. அவருடைய தாய் பார்பரா ஸடோவ்ஸ்கா கவிஞர், எதிர்ப்பு இயக்கத்தோடு தொடர்புள்ளவர். பழியை ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மீது திருப்பும்படி மேலிடமே ஏற்பாடு செய்தது. அவர்களுக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. ஆட்சி மாறும் காலத்தில்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

நிலையத்தில் அடித்தபோது ஒரு மிலித்ஸ்யாக்காரர் சொன்னதாக, கூட இருந்த நண்பர் பின்னர் சாட்சி சொன்ன வாசகம் இது: தடயம் இல்லாதபடி அடியுங்கள். இந்தச் சொல்லிலிருந்துதான் ட்ஸெஸாரி வாஸாரெவிச் தன் ஆவண நூலுக்குத் தலைப்பு எடுத்தார். 2016இல் வந்த அந்த நூலுக்கு அடுத்த ஆண்டு போலந்தின் முதன்மையான இலக்கியப் பரிசான நீக்கே கிடைத்தது. 2021இல் படமாகவும் வந்தது.

'தடயம்' என்ற சொல்லை இங்கே நிறுத்தி யோசித்துப் பாருங்கள். துப்பறியும் கதையின் அடிப்படைச் சொல்லே அதுதான். தடயம் தேட வேண்டியவர், தடயம் விழாமல் அடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். விசாரிக்க வேண்டிய துறை, பொய்யான குற்றவாளியைக் கதை போலக் கட்டி எழுப்புகிறது. இதற்குப் பிறகு ஒரு போலந்து எழுத்தாளர் நேர்மையான துப்பறிவாளரை எழுதுவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. அந்தத் தயக்கத்தை மதிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு இந்த நாவல்கள் பிடிபட்டன.

அந்தக் காலத்திலும் பக்கவாட்டில் நடந்தவர்கள் உண்டு. லெயோபோல்ட் டிர்மாண்ட் 1955இல் எழுதிய 'ஸ்வே'யில் போருக்குப் பிந்தைய இடிபாட்டு வார்சாவில் ரௌடிகளைத் தனியொருவன் அடித்து நொறுக்குகிறான். மிலித்ஸ்யா அவனைத் தேடுகிறது, மக்கள் அவனைக் கொண்டாடுகிறார்கள். ஷேக்ஸ்பியர் முழுவதையும் போலிஷில் மொழிபெயர்த்த மாசேய் ஸ்வோம்சின்ஸ்கி, ஜோ அலெக்ஸ் என்ற புனைபெயரில், கொலைகளை இங்கிலாந்துக்கே கொண்டுபோய்விட்டார். யோவான்னா ஹ்மியெலெவ்ஸ்கா 1964 முதல் சிரிப்பும் சாகசமும் கலந்து, சாதாரணப் பெண் ஒருத்தி புலன்விசாரணையில் மாட்டிக்கொள்ளும் கதைகளை எழுதினார். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அவரைப் படித்தார்கள்.

ஐந்தாம் படி: ஒரு திரைப்படம், தனியாக

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 1988ஆம் ஆண்டுப் படம், ஆங்கிலத்தில் 'எ ஷார்ட் ஃபிலிம் அபவுட் கில்லிங்', துப்பறியும் கதையே அல்ல. ஓர் இளைஞன் ஒரு டாக்ஸி ஓட்டுநரைக் கொல்கிறான். அரசு அந்த இளைஞனைத் தூக்கிலிடுகிறது. இரண்டு கொலைகளையும் கண்ணை விலக்க முடியாத நீளத்துக்குக் காட்டுகிறார். நடுவே இருந்திருக்க வேண்டிய புலனாய்வு, கைது, வழக்கு விவாதம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டார். நம் நோட்டின் இரண்டு பத்திகளும் கோடில்லாமல் நேருக்கு நேர் நிற்கும் படம் இது. போலந்தின் கடைசித் தூக்குத் தண்டனை அதே 1988 ஏப்ரலில் நிறைவேறியது. பத்தாண்டுக்குப் பிறகு நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தத் தண்டனை இல்லை. மனம் கனத்த நாளில் பார்க்க வேண்டாம்.

ஆறாம் படி: பிரெஸ்லாவுக்கு இறங்குங்கள்

இப்போது மாரெக் கிராயெவ்ஸ்கி. வ்ரோட்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்தவர். 1999இல் வந்த அவருடைய முதல் நாவல், ஆங்கிலத்தில் டானுஷ்யா ஸ்டோக் மொழிபெயர்ப்பில் 'டெத் இன் பிரெஸ்லாவ்'. இன்றைய போலந்துக் குற்றப்புனைவின் அலை இங்கிருந்துதான் எழுந்தது என்று பலரும் ஒப்புக்கொள்வார்கள். நாயகர் எபெர்ஹார்ட் மோக் ஜெர்மானியர், பிரெஸ்லாவின் போலீஸ் அதிகாரி. கதையின் மையக் காலம் 1933, நாஜிகள் ஆட்சியைப் பிடித்த ஆண்டு.

ஒரு போலந்து எழுத்தாளர் ஏன் ஜெர்மானியப் போலீஸ்காரரை நாயகராக்க வேண்டும்? கம்யூனிஸ்ட் ஆட்சி முழுவதும் அந்த நகரத்தின் ஜெர்மானியக் கடந்தகாலம் பேசாப் பொருளாக இருந்தது. 'இது என்றுமே போலந்து மண்' என்று சொல்லப்பட்ட இடத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை, 1989க்குப் பிறகு சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டி அடியில் இருந்த ஜெர்மன் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியது. கிராயெவ்ஸ்கி தெருத்தெருவாக, மதுக்கடை மதுக்கடையாக, ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டையும் விவரித்து அந்த நகரத்தை மீட்கிறார். மீட்கும்போது அதன் அழுக்கையும் சேர்த்தே மீட்கிறார். இந்த வரிசையின் தனி அழகு அது.

மோக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலத்தீன் கவிதை மேற்கோள் காட்டுவார், தின்பதில் பிரியர், விலைமாதர் விடுதியில் சதுரங்கம் ஆடுவார், ஊரில் முக்கியமானவர்களின் ரகசியங்களைக் கோப்புகளாகச் சேர்த்து வைத்திருப்பார். அந்த ரகசியங்களை வைத்து ஆட்களை இறுக்கும் முறைக்கு அவரே ஒரு பெயர் வைத்திருக்கிறார்: பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியின் பெயர். முதல் நாவலில் ஓடும் ரயிலில் ஒரு பிரபுவின் மகள் கொல்லப்படுகிறாள். சடலத்தில் தேள்கள். வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் பேசுவது இந்தத் தேள்களைப் பற்றித்தான். நானோ உங்களைப் பிடித்து நிறுத்த விரும்புவது அடுத்து வரும் இடத்தில். குற்றமற்ற ஒரு யூத வணிகரிடமிருந்து பொய்யான ஒப்புதல் வாக்குமூலம் பெறப்படுகிறது. வழக்கு முடிந்ததாகிறது. மோக்குக்குப் பதவி உயர்வு வருகிறது. தேள் இடப்பத்தியில் ஒரு வரி. வாக்குமூலம் வலப்பத்தியில் ஒரு முழுப் பக்கம்.

வன்முறை இவ்வளவு அலங்காரமாக எழுதப்பட்டிருப்பது ஏன் என்று புதியவர்கள் கேட்பார்கள். முதலில் எனக்கும் ஒவ்வவில்லை. இரண்டாம் வாசிப்பில் ஒன்று புரிந்தது. விசித்திரக் கொலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் நம் கண் முன்னாலேயே, மோக்கின் அலுவலகத்தில், மாடிப்படியில், தேநீர்க் கோப்பைக்கு மேலே, இன்னொரு வன்முறை மரியாதையான சொற்களில் நடந்துகொண்டிருக்கிறது. விரைவில் அது ஒரு நாட்டின் ஆட்சியாகவே மாறப்போகிறது. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பெண்களின் உடல்கள் இந்த வரிசையில் அடிக்கடி வெறும் காட்சிப் பொருளாகின்றன, அடுத்தடுத்த நூல்களில் அது மீண்டும் மீண்டும் வருகிறது. அந்தப் பக்கங்களைக் கிராயெவ்ஸ்கிக்கு எதிராகவே படியுங்கள்.

வாசிக்கும் வரிசை பற்றி: நூல்கள் காலவரிசையில் வரவில்லை. அடுத்து வந்த 'உலகின் முடிவு' நாவல் 1927க்கும், அதற்கடுத்த 'ஆவிகள்' 1919க்கும் பின்னோக்கிப் போகின்றன. வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். ஒரு மனிதர் எப்படி இப்படி ஆனார் என்று ஆண்டுகளைத் தோண்டிக்கொண்டு போகும் அனுபவம் அப்போதுதான் கிடைக்கும்.

ஏழாம் படி: ஸான்டோமியெஷ், ஓவியத்துக்கு முன்னால்

ஷாட்ஸ்கியிடம் திரும்பலாம். இரண்டாம் நாவல் 2011இல் வந்தது, ஆங்கிலத்தில் 'எ கிரெய்ன் ஆஃப் ட்ரூத்'. மணமுறிவுக்குப் பிறகு வார்சாவை விட்டு ஸான்டோமியெஷ் என்ற அழகான சிறு நகரத்துக்கு வந்திருக்கிறார். பாதிரியார் ஒருவர் துப்பறியும் மென்மையான தொலைக்காட்சித் தொடர் ஒன்று 2008 முதல் அதே ஊரில்தான் நடக்கிறது. அதைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அந்த ஊரில், பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் அருகே, கழுத்தறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடலை வைக்கிறார் மிவோஷெவ்ஸ்கி.

படிப்பதற்கு முன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அந்நகரப் பேராலயத்தில், யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று இரத்தம் எடுப்பதாகச் சித்திரிக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. முழுப் பொய்யான இந்தப் பழி ஐரோப்பா எங்கும் யூதர்களைப் பலிவாங்கியது. அடுத்தது, அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கியெல்ட்ஸே நகரத்தில் 1946 ஜூலை 4 அன்று, ஒரு சிறுவனை யூதர்கள் அடைத்துவைத்தார்கள் என்ற வதந்தியை நம்பிக் கூட்டம் திரண்டது. 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். நாஜி முகாம்களிலிருந்து தப்பி வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். கூட்டத்தை அடக்கப் போன மிலித்ஸ்யாவினரும் சிப்பாய்களும் கொலையில் கலந்துகொண்டார்கள். மேஜர் டோவ்நார் அணியும் அதே சீருடை.

இந்த நாவலில் வலப்பத்தியில் எழுத வேண்டியது ஷாட்ஸ்கியின் செயல்களை மட்டும் அல்ல, அவருடைய எண்ணங்களையும். ஊர் முழுக்க முணுமுணுக்கும் பழைய பழி, படித்த, நாகரிகமான இந்த வார்சாக்காரரின் மனத்திலும் எங்கேயாவது கசிகிறதா என்று பாருங்கள். 'கொஞ்சமாவது உண்மை இருக்கும்' என்ற பேச்சு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் தலைப்பின் பொருள். வதந்தியைத் தடயம் என்று எடுத்துக்கொள்ளும் விசாரணை ஒரு சமூகத்தின் மீது பாயும் வன்முறை ஆகிவிடும்; நாவலின் ஒவ்வொரு விசாரணைக் காட்சியிலும் அந்த ஆபத்து மேசைக்கு அடியில் இருக்கிறது.

எட்டாம் படி: பதில் வராத கடிதங்கள்

அதிகாரத்தில் உள்ளவர்களையே பார்த்துக் களைத்துப்போனவர்களுக்கு ஓல்கா டோகார்ச்சுக்கின் 2009ஆம் ஆண்டு நாவல். வில்லியம் பிளேக்கின் வரி ஒன்றைத் தலைப்பாகக் கொண்டது. ஆங்கிலத்தில் 'டிரைவ் யுவர் பிளவ்...' என்று தேடினால் கிடைத்துவிடும். செக் எல்லையை ஒட்டிய மலைக்கிராமம், பனிக்காலம், யானினா துஷெய்கோ என்ற வயதான பெண். ஒரு காலத்தில் பாலம் கட்டும் பொறியாளர். இப்போது ஆங்கிலம் கற்பிக்கிறார், ஜாதகம் கணிக்கிறார், யாரும் தன்னை முதல் பெயரால் அழைப்பதை விரும்புவதில்லை. வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

துஷெய்கோ போலீஸுக்குக் கடிதங்கள் எழுதுகிறார். பதில் வருவதில்லை. வயதான பெண், தனியாக வாழ்பவர், விலங்குகளுக்காகப் பேசுபவர், அதனால் கிறுக்கு என்று ஊர் தீர்மானித்துவிட்டது. இந்த நாவலுக்கு நோட்டின் கோட்டைச் சற்று நகர்த்துங்கள். இடப்பக்கம் சட்டம் குற்றம் என்று சொல்லும் வன்முறை. வலப்பக்கம் உரிமம் பெற்று, பருவம் பார்த்து, தேவாலயத்தின் ஆசியோடு நடக்கும் வன்முறை. கடைசிப் பக்கத்தில் உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தேதியிட்டு எழுதிவையுங்கள். ஓராண்டு கழித்து நான் மறுபடி படித்தபோது என் சாய்வு மாறியிருந்தது. அக்னியெஷ்கா ஹோலாண்ட் இதை 2017இல் 'போகோட்' என்று படமாக்கினார். நாவலுக்குப் பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம்.

ஒன்பதாம் படி: விரும்பினால் கிளைகளில் ஏறலாம்

காடஷினா போண்டாவின் உளவியல் ஆய்வாளர் ஸாஷா ஸவுஸ்கா வரிசையில் ஒரு நூல், பெலாருஷிய மக்கள் வாழும் ஹைனூஃப்கா பகுதிக்குப் போய், 1946இல் ஆயுதக் குழு ஒன்று அங்கே செய்த கொலைகளின் காயத்தைத் தொடுகிறது. மானுடவியலாளரான மாரியுஷ் சுபாய் குற்றவாளியின் மனத்தை வரையும் ருடோல்ஃப் ஹைன்ஸை எழுதினார். லூப்ளின் நகரத்தின் போருக்கு முந்தைய காலத்தை மார்ச்சின் வ்ரோன்ஸ்கியும், எண்பதுகளின் போஸ்னான் மிலித்ஸ்யாவைப் பிற்காலக் கண்ணோடு ரிஷார்ட் ச்விர்லெயும் எழுதியிருக்கிறார்கள். வோய்ச்செஹ் ஹ்மியெலாஷின் கமிஷனர் மோர்ட்கா களைத்த, நம்பத்தகுந்த மனிதர். ரெமிகியுஷ் ம்ரூஸ் விற்பனையில் எல்லோரையும் தாண்டுகிறார், வேகமாகப் படிக்கலாம், ஆனால் இந்த வழிகாட்டி தேடும் விஷயம் அவரிடம் குறைவு. எல்லாம் ஆங்கிலத்தில் இல்லை. வ்ரோட்ஸ்வாஃபில் ஆண்டுதோறும் குற்றப்புனைவு விழா நடக்கிறது, அங்கே வழங்கப்படும் 'பெரும் காலிபர்' பரிசு பெற்றவர்களின் பட்டியலைக் கவனித்துவந்தால் அடுத்து யார் மொழிபெயர்ப்பில் வரக்கூடும் என்று ஊகிக்கலாம்.

கடைசிப் படி: 'க்னியெஃப்', அதாவது சினம்

ஷாட்ஸ்கியின் மூன்றாம், இறுதி நாவல் 2014இல் வந்தது. ஆங்கிலத்தில் 'ரேஜ்'. இதை முதலில் படித்துவிடாதீர்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

இடம் ஓல்ஷ்டின், பழைய ஆலன்ஸ்டைன். கட்டுமான வேலையில் போர்க்காலப் பதுங்கறை ஒன்று திறக்கிறது, உள்ளே ஓர் எலும்புக்கூடு. யாரோ ஜெர்மானியன், பழைய எலும்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்நாட்டில் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் அந்த எலும்பு பழையது அல்ல. அதுவரை வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்த வரிசை, சட்டென்று பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நுழைகிறது. கணவன், மனைவி, குழந்தை, சாத்திய கதவு. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் ஐரோப்பிய ஒப்பந்தத்தைப் போலந்து ஏற்கலாமா கூடாதா என்று நாடே சண்டையிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட நாவல் இது. 2015இல்தான் போலந்து அதை ஏற்புறுதி செய்தது.

தொடக்கத்துக்கு அருகில் ஒரு சிறு காட்சி வரும். ஒரு பெண் ஷாட்ஸ்கியின் அலுவலகத்துக்கு வருகிறார். உடம்பில் காயம் இல்லை. கணவர் அடித்தார் என்றும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்பதைச் சொல்லத் தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பேசுகிறார். ஷாட்ஸ்கிக்கு வேறு வேலை இருக்கிறது. மரியாதையாகவே பேசுகிறார், படிவம் எங்கே கிடைக்கும் என்று சொல்கிறார். அந்தப் பெண் எழுந்து போகிறார். சடலமோ இரத்தமோ அந்தக் காட்சியில் இல்லை. முதல் வாசிப்பில் நான் அதைக் கடந்து போயே விட்டேன், ஷாட்ஸ்கியைப் போலவே. என் வலப்பத்தியில் அந்தப் பக்கத்தின் எண் இல்லை.

நீங்கள் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாவலை முடித்ததும், சட்டத்தின் பெயரால் வாழ்ந்த அந்த மனிதர் எங்கே வந்து நிற்கிறார் என்று பார்த்ததும், நூலை உடனே மூடிவிடாமல் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு முறை திரும்பிப் போங்கள். அந்தப் பெண் பேசும் வரிகளை மெதுவாக, ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஷாட்ஸ்கியின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.